தங்கையின் நடுப்பக்கப் படம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுக்காரர்கள், அக்கம்பக்கத்தார், கடைக்கு வந்து பழகியவர்கள் எல்லோருக்கும் என் வணக்கம். என் தங்கை மறைந்து ஒரு வருஷம் ஆகிறது. அவளைப் பற்றி எழுத வேண்டியது அக்காளாகிய நான்தான் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். நான் மூன்றாவது வரைக்கும் படித்தவள். பிறகு படித்ததெல்லாம் பஸ் பலகையும் காய்கறி மூட்டையின் மேல் இருக்கும் பெயரும்தான். கொஞ்சம் என் கையாலும், கொஞ்சம் நான் சொல்லச் சொல்லத் தங்கை மகள் உமாவின் கையாலும் எழுதியது இது; பிழையும் அவள்தான் பார்த்துக் கொடுத்தாள். பிழையை மட்டும்தான் பார்த்தாள். விஷயத்தில் கை வைக்க நான் விடவில்லை. தங்கையை "அவள்" என்றே எழுதுகிறேன். அது மரியாதைக் குறைவு இல்லை, எடுத்து வளர்த்தவளின் உரிமை.

மலரின் நடுப்பக்கத்தைப் பிரித்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே படமாக இருக்கும். அவள் சின்னப் பெண்ணாக இருந்தது முதல் கடைசி வரைக்குமான படங்களை ஒன்றோடு ஒன்று கலந்து, எங்கே ஒரு படம் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று தெரியாதபடி உமா செய்திருக்கிறாள். நடுவில் பெரிதாக இருப்பது தங்கை. நெற்றியில் பொட்டு இருக்கிறது, கழுத்தில் தாலி இருக்கிறது. பக்கத்தில் அவள் கணவர் இல்லை. பார்க்கிற எல்லோரும் இதைக் கேட்கத்தான் போகிறீர்கள். வாயால் கேட்காவிட்டாலும் மனசில் கேட்பீர்கள். அதற்கு இங்கேயே பதில் எழுதிவிட வேண்டும் என்றுதான் நான் எழுத ஒப்புக்கொண்டேன். அவள் எப்படி வேலை செய்தாள் என்று தெரிந்தால்தான் அந்தப் பதில் புரியும். அதனால் முதலில் அவளைப் பற்றிச் சொல்கிறேன்.

தங்கை பிறந்தது மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில். அப்பா பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்து பாத்திரங்களில் பெயர் வெட்டுவார். கல்யாணச் சீசனில் அவருக்கு நிமிர நேரம் இருக்காது. அம்மா நாலு வீட்டில் வேலை செய்தார்கள். தங்கை கைக்குழந்தையாக இருந்தபோது அவளை இடுப்பில் வைத்துக்கொள்ளத்தான் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அவளைப் பத்தாவது வரைக்கும் படிக்க வைத்ததில் என் காய்க்கூடைக்கும் பங்கு உண்டு என்று எப்போதும் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். மாட வீதியில் காய் விற்கிற எனக்கு அந்தப் பெருமை போதும்.

அவளுக்குக் கல்யாணம் நடந்தது. உமா பிறந்தாள். உமா நடக்கப் பழகுகிற நேரத்தில் உமாவின் அப்பா வெளியூரில் வேலை என்று கிளம்பிப் போனார். போனவர் வரவில்லை. பிறகு அவர் பெருங்குடிப் பக்கம் வேறு குடும்பமாக இருக்கிறார் என்று தகவல் வந்தது. பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரம்தான். தங்கை போகவில்லை, அவரும் வரவில்லை. அவரைப் பற்றிக் குறை எழுத இந்த மலர் இடம் இல்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

தங்கை முதலில் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடும் வேலைக்குப் போனாள். நாள் முழுக்க நின்று நின்று கால் வீங்கிவிடும். அப்போதுதான் எங்கள் தெருக்கோடியில் பிரேம் கடை வைத்திருக்கும் இஸ்மாயில் பாய் அவளைக் கூப்பிட்டார். சாமி படத்துக்குச் சட்டம் போடுவது, லாமினேஷன், பாஸ்போர்ட் படம், இவ்வளவும் அந்தச் சின்னக் கடைக்குள். பாய் என்னிடம்தான் முதலில் கேட்டார்.

"இன்னா காய்க்காரம்மா, உன் தங்கச்சி சொம்மா நின்னுக்கினே கீதாமே. நம்ம கடையில ஸ்டூல் கீது. உக்காந்து வேலை செய்யட்டும்."

"சம்பளம்?"

"ஸ்டூல் குடுக்கறேன்னு சொல்றேன், சம்பளத்தக் கேக்கற பாரு. அதான் காய்க்காரி."

சம்பளமும் கொடுத்தார். அவள் கடைசி வரை அந்தக் கடையில்தான் இருந்தாள்.

கொஞ்ச காலத்தில் பாய் கடைக்குக் கம்ப்யூட்டர் வாங்கினார். அதை ஓட்டுவதற்கு வந்த ஆள் வேறு கடைக்குப் போய்விட்டார். பெட்டி சும்மா கிடந்தது. தங்கை அதன் முன் உட்கார்ந்தாள். போனவர் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருந்தாள். மீதியைத் தானே தட்டித் தடவிக் கற்றுக்கொண்டாள். கொஞ்ச நாள் தி.நகரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்கும் போய் வந்தாள். சொல்லப்போனால் அவள் வாழ்க்கை அங்கிருந்துதான் நேராயிற்று.

அவள் செய்த வேலையைப் பலர் "படம் ஒட்டுவது" என்பார்கள். அப்படிச் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. ஒட்டினால் ஒட்டு தெரியும். இவள் ஒரு படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து அடுத்த படத்தின் மேல் படிய விடுவாள். மெல்லிய வாயில் துணிப் புடவையை ஒன்றின் மேல் ஒன்று விரித்தால் அடியில் இருக்கிற பூவும் மேலே இருக்கிற பூவும் ஒன்றாகத் தெரியுமே, அந்த மாதிரி. ஒவ்வொரு புடவைக்கும் லேயர் என்று பெயர் சொல்வாள். மேலே இருப்பதில் எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று தூரிகை மாதிரி ஒன்றால் தடவிக்கொண்டே இருப்பாள். அம்மாவின் படம் கலரில் இருக்கும், அப்பாவின் படம் கறுப்பு வெள்ளையில் இருக்கும். இரண்டையும் ஒரு நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு முகத்தில் வெயில் இடப்பக்கமும், இன்னொரு முகத்தில் வலப்பக்கமும் விழுந்திருந்தால், "ரெண்டு சூரியனா இருக்கு" என்று சொல்லி மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள்.

தொடக்கத்தில் தப்பும் செய்தாள். கோயிலுக்குப் பின் தெருவிலிருந்து ஒரு மாமி வந்து, மாமனார் மாமியார் இருவரையும் தனித்தனிப் படத்திலிருந்து ஜோடியாக்கித் தரச் சொன்னார்கள். இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தால் அழகாக இருக்குமே என்று தங்கை மாமியாரின் படத்தைக் கண்ணாடியில் தெரிவது போல் திருப்பிவிட்டாள். பாய் தேக்குச் சட்டம் போட்டுக் கண்ணாடியும் வைத்துவிட்டார். மாமி வந்து பார்த்தார்கள். ரொம்ப நேரம் பார்த்தார்கள்.

"ஏண்டீம்மா, நாங்க ஐயராத்தைச் சேர்ந்தவா. எங்க மாமியார் மடிசார் தலைப்பை வலது தோள்ல போட்டுண்டுதான் போய்ச் சேர்ந்தா. நீ இடது தோளுக்கு மாத்தி அவரை ஐயங்காராக்கிட்டியே."

தங்கைக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. பாய் சட்டத்தைப் பிரிக்கத் திருப்புளியைத் தேடினார்.

"எங்க மாமியார் மட்டும் இருந்து இதைப் பார்த்திருந்தா, ஒன்னை ஆத்து வாசப்படி ஏத்தியிருக்க மாட்டார்," என்றார்கள் மாமி. சொல்லிவிட்டுச் சிரித்தார்கள்.

மனைவி கணவனுக்கு இடப்பக்கம்தான் இருக்க வேண்டும்; இடம் மாற்றினாலும் இரண்டு பேரும் ஒரே பக்கம்தான் பார்ப்பார்கள். கடைசியில் இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்க்கிற மாதிரியே விட்டுவிட்டாள். அதை வாங்கிக்கொண்டு போகும்போது மாமி சொன்னார்கள், "இதுதான் சரி. ரெண்டு பேரும் சேர்ந்து வாசலைப் பார்ப்பாளே தவிர, ஒருத்தரை ஒருத்தர் பார்த்து நான் பார்த்ததில்லை." அதற்குப் பிறகு தங்கை யாருடைய படத்தையும் திருப்பியதில்லை. அந்த மாமி தங்கை இறந்த அன்று தள்ளாத வயதில் ஆட்டோ பிடித்து வந்தார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

இன்னொன்று தப்பு என்று சொல்ல முடியாது. அதில் யார் மேலும் குற்றம் இல்லை. மந்தைவெளியில் மளிகைக் கடை வைத்திருந்த ஒரு பெரியவர் படுக்கையில் இருந்தார். மூத்த மகன் துபாயில். குடும்பப் படத்தில் மகனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று பெரியவர் ஆசைப்பட்டார். தங்கை மகனை அப்பாவின் தோளுக்குப் பின்னால் நிற்க வைத்துக் கொடுத்தாள். நிஜமாகவே நின்று எடுத்த மாதிரி இருந்தது. பெரியவர் போன பிறகு, நல்ல படம் என்று வீட்டில் அதையே மாட்டி மாலை போட்டுவிட்டார்கள். பத்தாம் நாள் அந்த வீட்டம்மா படத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு கடைக்கு ஓடி வந்தார்கள்.

"எம் புள்ள உசுரோட கீறான்மா. அவனுக்கும் சேத்து மாலை தொங்குது. என்னால கண்கொண்டு பாக்க முடியல."

தங்கை கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு அந்த மகனைப் படத்திலிருந்து எடுத்தாள். எடுத்த இடத்தில் பின்னால் இருந்த சுவரை வரவழைத்தாள். அந்த அம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள்.

அன்று முதல் கடைக்கு யார் படம் சேர்க்க வந்தாலும் தங்கை ஒரே கேள்வி கேட்பாள். "இருக்காங்களா, போய்ட்டாங்களா?" போய்விட்டார்கள் என்றால் எவ்வளவு பழைய படமாக இருந்தாலும், கரையான் அரித்திருந்தாலும், சேர்த்துக் கொடுப்பாள். இருக்கிறார்கள் என்றால் செய்ய மாட்டாள். நேரில் வரச் சொல்லுங்கள், பக்கத்தில் நிற்க வைத்து எடுத்துத் தருகிறோம் என்பாள். இதில் கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. பாய்க்கும் முதலில் பிடிக்கவில்லை.

"இன்னா தங்கச்சி, வர்ற ஆளையெல்லாம் தொரத்திக்கினு கீற? அவுங்க பெங்களூர்ல கீறாங்களாம். லீவு கெடைக்கலியாம்."

"செத்தவங்களால வர முடியாது பாய். அவங்களுக்கோசரம் நான் கீறேன். உசுரோட கீறவங்களுக்கு பஸ்ஸு கீது, ரயிலு கீது."

"நீ இன்னா, எமதர்மனுக்கு எதிர்க் கடை போட்டுகினு கீறியா?"

அவள் சிரித்துக்கொண்டே வேலையைப் பார்ப்பாள். பாயும் பிறகு வழிக்கு வந்துவிட்டார். அவள் லீவில் இருக்கிற நாளில் யாராவது வந்தால் அவரே அந்தக் கேள்வியைக் கேட்பார்.

உமாவின் கல்யாணத்தில்தான் இந்த வழக்கம் அவள் தலைக்கே வந்தது. மாப்பிள்ளை வீடு ராஜா அண்ணாமலைபுரம். நல்ல மனிதர்கள், இன்று வரை நல்ல மனிதர்கள். ரிசப்ஷன் மேடைக்குப் பின்னால் பெரிய துணியில் பெண்ணின் படங்களைக் கலந்து அச்சடித்துப் போடுவது என்று பேச்சு வந்தது. மாப்பிள்ளையின் அத்தை நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள், "அப்பாவையும் ஒரு ஓரமா சேத்துடுங்களேன். உங்க கையில இல்லாத வித்தையா? பாக்கறவங்களுக்குக் கொறையா தெரியாதில்ல." நான்கூட, போகட்டும், பெண்ணுக்காகச் செய்துவிடேன் என்று சொன்னேன்.

தங்கை சொன்னாள், "அவர் இருக்காருக்கா. பத்திரிகை குடுப்போம். வந்தா நிஜமாவே நிப்பாரு. வரலைன்னா, வராத ஆளை நான் எப்படி வந்ததா காட்டறது?"

பத்திரிகையைப் பாயே பெருங்குடிக்கு எடுத்துப் போய்க் கையில் கொடுத்து வந்தார். அவர் வரவில்லை. தாரை வார்த்துக் கொடுத்தது நானும் என் வீட்டுக்காரரும். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மாப்பிள்ளை வீட்டில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் மண்டபத்தில் தங்கை வாசலைப் பார்த்த மாதிரியே நின்றிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்றவளுக்குத் தெரியாதா.

பிறகு நல்ல வருஷங்கள். பேரன் பிறந்தான். தங்கை ஒரு நாள் கூடக் கடைக்கு லேட்டாகப் போனதில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள்கிற பழக்கம் அவளுக்கு இல்லை, அதுதான் எமனாயிற்று. கட்டி என்று தெரிந்தபோது முற்றியிருந்தது. அடையாறு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவோம், வருவோம். முடி கொட்டியது. பாய் கடையில் பாஸ்போர்ட் படத்துக்கென்று வைத்திருக்கும் சீப்பை எடுத்து ஒளித்து வைத்தார். அவள் அதைக் கண்டுபிடித்து, "எனுக்குத்தான் பாய் முடி இல்ல, வர்ற ஜனத்துக்கு கீதே, எடுத்து வையி" என்றாள். முடிந்த நாளெல்லாம் கடைக்கு வந்தாள். பிறகு முடியவில்லை. ஒரு காலை நேரத்தில், என் கையால் ரெண்டு வாய் காபி குடித்துவிட்டுப் போய்விட்டாள். தன் காரியத்தில் எதைச் செய்ய வேண்டும், எந்தப் படத்தை வைக்க வேண்டும் என்று அவள் எதுவும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, தலைக்குப் பூச்சுற்றி அனுப்பினோம். பிறந்த வீட்டுக் கோடிப் புடவையை நான் போட்டேன். அவள் கணவருக்குத் தகவல் சொல்லியிருந்தது. வெயில் ஏறும் வரை காத்திருந்தோம். அதற்கு மேல் காக்க வைப்பது அவளுக்கு மரியாதை இல்லை என்று நான்தான் எடுக்கச் சொன்னேன். உமா கொள்ளி வைத்தாள்.

இந்த மலருக்கு வருகிறேன். நடுப்பக்கப் படம் செய்ய உமாவும் நானும் பாய் கடையில், தங்கை உட்கார்ந்த அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்தோம். உமா பெருங்குடியில் ஆபீஸ் வேலை பார்க்கிறாள். கம்ப்யூட்டர் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனால் இந்த வேலை அது இல்லை. ஒரு முகத்தின் ஓரத்தைக் கரைக்கவே அவளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

எங்கள் சித்தப்பா மகன் தாமோதரன் பார்க்க வந்தான். அச்சு வேலை முழுக்க அவன் பொறுப்பு, நல்ல உழைப்பாளி. படத்தைப் பார்த்ததும் கேட்டான்.

"அக்கா, மச்சான் எங்க?"

"இல்ல."

"இல்லன்னா? பொட்டோட போனவக்கா அவ. புருஷன் இல்லாம படம் போட்டா பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க? அவர் படம் எங்கிட்ட கீது, ஒரு கல்யாணத்துல எடுத்தது. நடுவுல ஜோடியா வெச்சிடலாம். வேலை அவ்ளோதான்."

உமா திரும்பாமலே சொன்னாள். "மாமா, அவர் வேணாம். இருக்கறதையே நான் எடுத்துக்கினு இருக்கேன்."

அப்போதுதான் நானும் பார்த்தேன். கீழே ஓரத்தில் தங்கையின் கல்யாணப் படத்தை வைத்திருந்தாள். அதில் மாப்பிள்ளையாக நிற்கிறவரை மட்டும் அழித்துக்கொண்டிருந்தாள். ஆள் போய்விட்டார். ஆனால் தங்கையின் கையைப் பிடித்திருந்த கை போகவில்லை. கைப்பிடிக்கும் சடங்கில் எடுத்த படம் அது. அந்த விரல்களை அழித்தால் தங்கையின் விரல்களும் சேர்ந்து போகின்றன. விட்டுவைத்தால் யாருடையதோ ஒரு கை அந்தரத்தில் நிற்கிறது. உமா பெரிதாக்கிப் பார்த்தாள், சிறிதாக்கிப் பார்த்தாள், வேறு யாருடையதோ ஒரு கையைத் தங்கையின் இன்னொரு கை போல வைத்து மூடிப் பார்த்தாள். மூடிய கை கறுப்பு, தங்கை மாநிறம்.

"பெரீம்மா, அம்மா எப்படித்தான் பண்ணுவாங்களோ."

"உங்கம்மா இதைப் பண்ணியிருக்க மாட்டா," என்றேன். "அந்த ஆள் அன்னிக்கு அங்க நின்னாரு. மஞ்சள் துண்டு போட்டுக்கினு, வேர்த்துப் போய் நின்னாரு. நான்தான் விசிறினேன். அது நடந்தது. நடந்ததை எடுக்காத. நடக்காததை வெக்காத. ரெண்டும் ஒரே பொய்தான்."

உமா திரும்பத் திரைப் பக்கம் குனிந்தாள். பிறகு அழித்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப வரவழைத்தாள். முதலில் தோள் வந்தது, மாலை வந்தது, கடைசியில் முகம் வந்தது. நடுப்பக்கத்தில் கீழே இடது ஓரம் பார்த்தீர்கள் என்றால் அந்தப் படம் இருக்கும். அதில் அவர் இருக்கிறார். அங்கே மட்டும்தான் இருக்கிறார்.

தாமோதரனுக்கு அது போதவில்லை. "ஓரத்துல தபால் தலை சைஸ்ல வெச்சா ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே போனான். போனவன் சும்மா இருக்கவில்லை. அடுத்த வாரம் நாங்கள் கடையில் இருக்கும்போது அவரே வந்து நின்றார்.

எனக்கு அடையாளம் தெரியவில்லை. வாசலில் மெலிந்து போன ஒரு பெரியவர், புதுச் சட்டை, நெற்றியில் விபூதி. ஏதோ சாமி படத்துக்குச் சட்டம் போட வந்தவர் என்றுதான் நினைத்தேன். "அக்கா" என்று கூப்பிட்ட பிறகுதான் தெரிந்தது. பாய் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார்.

"தாமோதரன் சொன்னாப்ல," என்றார் அவர். சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். அதற்குள் புதிதாக எடுத்த ஒரு படம். அதே புதுச் சட்டை. ஜோடிப் படத்துக்கு என்று சொல்லி எடுத்திருப்பார் போல, முகம் லேசாக இடப்பக்கம் பார்த்து இருந்தது. மனைவி இருக்க வேண்டிய பக்கம். "இதையும் அவ பக்கத்துல சேத்துடுங்க. பெருசா வேணாம். ஓரமா இருந்தா போதும்."

பாய்தான் வாயைத் திறந்தார்.

"கீறியா, போய்ட்டியா?"

"இன்னா பாய், எதிர்ல நின்னுக்கினு கீறேன்."

"அதான் கேக்கறேன். இந்தக் கடையில போய்ட்டவங்கள மட்டும்தான் சேப்போம். இது உன் பொஞ்சாதி போட்ட சட்டம். நானே மாத்த முடியாது."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். "இது... உமாவா?"

உமா திரும்பினாள். "ஆமா. உக்காருங்க," என்றாள். பாய் ஸ்டூலை நகர்த்தினார். அவர் உட்காரவில்லை.

நான் சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அன்று நான் என்ன சொன்னேன் என்று உறவில் ஆளுக்கு ஒரு கதை ஓடுகிறது. நான் திட்டவில்லை, விரட்டவில்லை.

"படத்தை எடுத்துக்கினு போ. வருஷத் திதிக்கு மண்டபத்துக்கு வா. அவ படம் வெச்சிருப்போம். பக்கத்துல நில்லு. பாய் எடுப்பாரு. அது எவ்ளோ பெருசா வேணும்னாலும் நான் வீட்டுல மாட்டறேன். நீ வராம உன் படம் மட்டும் அவ பக்கத்துல வராது."

"அத்தனை பேர் முன்னாடி எப்படிக்கா..."

"அத்தனை பேர் முன்னாடிதான் கையைப் புடிச்ச."

அவர் கவரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்து போனார். உமா கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பெரீம்மா, அம்மா காதுகிட்ட இன்னும் கொஞ்சம் கரைக்கணும், கோடு தெரியுது பாருங்க," என்றாள். எனக்குக் கோடு தெரியவில்லை. கரைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நடுப்பக்கம் இப்படி ஆனதற்குக் காரணம் இதுதான். இதில் உமாவின் மேலோ தாமோதரன் மேலோ யாரும் குறை சொல்ல வேண்டாம். முடிவு என்னுடையது.

தங்கையின் கடைசிக் காலத்தில் துணை நின்றவர்களை என்னால் மறக்க முடியாது. ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு முறையும் ஆட்டோ ஓட்டி வந்து, வெளியிலேயே காத்திருந்து திரும்பக் கூட்டி வந்த எங்கள் சந்துத் தம்பிகள், வார்டில் அவளுக்கு முகம் சுளிக்காமல் செய்த நர்ஸம்மாக்கள், மாதக்கணக்கில் காலை டிபன் கொடுத்தனுப்பிய எதிர் வீட்டுக்காரர்கள், ஒரு நாளும் மாமியாராக நினைக்காமல் அம்மாவாகப் பார்த்துக்கொண்ட எங்கள் மாப்பிள்ளை, அவரைப் பெற்றவர்கள், நோன்பு நாளிலும் பட்டினியோடு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்த இஸ்மாயில் பாய், அவர் வீட்டம்மா, இந்த மலரை அச்சிட்டுக் கொடுக்க அலைந்த தம்பி தாமோதரன், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். பெயர் விட்டுப்போனவர்கள் என் மறதியை மன்னிக்க வேண்டும்.

இந்தப் பக்கம் இன்று அச்சுக்குப் போகிறது. திதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அவர் வருவாரா மாட்டாரா என்பது இதை எழுதும் எனக்குத் தெரியாது. மண்டபத்தில் உட்கார்ந்து இதைப் படிக்கும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வந்திருந்தால் அவரை யாரும் எதுவும் கேட்க வேண்டாம். முதல் பந்தியிலேயே இலை போட்டு உட்கார வையுங்கள்.